நாக்கு பியர்சிங்: எந்த இடம், எந்தக் கம்பி, எதைக் கொண்டு கொப்பளிப்பது?

நாக்கில் குத்திக்கொள்ள நினைப்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் வலியைப் பற்றித்தான். ஊசி உள்ளே போய் மறுபக்கம் வர ஓரிரு நொடிதான் ஆகும். காதின் குருத்தெலும்பில் குத்துவதைவிட இது லேசு என்றே பலர் சொல்கிறார்கள். யோசிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நாக்கு நகையால் பல் உடைவதும் ஈறு இறங்குவதும் குத்திய வாரத்தில் நடப்பதில்லை; மாதங்கள், வருடங்கள் போன பிறகு தெரியவரும். அதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீக்கத்துக்கு இடம் விட்டு முதல் நாள் நீளமான கம்பி போடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் பல்லுக்கும் ஈறுக்கும் என்ன ஆகும் என்பதை முன்வைத்தே ஒப்பிட்டிருக்கிறோம்.

குத்தலாமா, தள்ளிப்போடலாமா

குத்தாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்க்குள் நகையே வேண்டாம் என்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் சிலருக்கு இதில் விருப்பத்துக்கே இடமில்லை. இதய வால்வில் கோளாறு அல்லது பிறவி இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் இதில் இறங்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவம் முடியும்வரை பொறுப்பது நல்லது. ஈறில் ஏற்கெனவே நோய் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு கூட்டம் உண்டு: பேனா மூடியைக் கடிப்பவர்கள், நகம் கடிப்பவர்கள், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள். இவர்கள் வாயில் கம்பி போட்டால் அதையும் கடிப்பார்கள். நம் கணிப்பில் இவர்கள் இந்த நகையைத் தவிர்ப்பதே மேல்.

முடிவு செய்துவிட்டால், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்லைச் சுத்தம் செய்துகொண்டு போவதும் பயன் தரும். குத்திய பிறகு நாலைந்து வாரத்துக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார முடியாது.

நடுவிலா, ஓரத்திலா, நுனியிலா

நாக்கின் நடுக்கோட்டில், நுனியிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் பின்னால், மேலிருந்து கீழாகப் போகும் துளைதான் வழக்கமானது. இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் இருக்கிறது. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இரு பக்கமும் நீலமாக இரண்டு ரத்தக்குழாய்கள் ஓடுவது தெரியும். தமனிகளும் நரம்புகளும் அவற்றையொட்டி ஆழத்தில் போகின்றன. நடுக்கோட்டில் பெரிய குழாய் எதுவும் இல்லை. அதனால் ரத்தம் குறைவாக வரும், சீக்கிரம் ஆறும். நன்றாகக் குத்தினால் துளை நேர்செங்குத்தாக இராமல் மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு குண்டு இருக்கும்; மேல் குண்டு அண்ணத்தின் குழிவான இடத்துக்குக் கீழே அமரும், பல்லை விட்டு விலகியும் நிற்கும்.

இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குத்துவதை வெனம் என்கிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் துளைகள் ரத்தக்குழாய்களுக்கு அருகில் விழுகின்றன, வீக்கம் இரண்டு மடங்கு, குண்டுகள் கடைவாய்ப் பல்லுக்கும் முன்கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் சிக்க வாய்ப்பு அதிகம். அனுபவம் மிகுந்தவர் கிடைத்தால் மட்டுமே இதை எண்ணலாம்.

நாக்கு நுனியில் குறுக்காக ஒரே கம்பியைச் செலுத்தி இரு ஓரத்திலும் குண்டு தெரிய வைப்பதற்கு ஸ்னேக் ஐஸ் என்று பெயர். இதை வேண்டாம் என்றே சொல்வோம். நாக்கின் வலப்பாதித் தசையும் இடப்பாதித் தசையும் தனித்தனியாக அசைபவை; ஒரே கம்பி இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இரண்டு குண்டுகளும் முன்பற்களின் பின்புறத்தை நாள் முழுக்க உரசும். பல பியர்சர்கள் இதைச் செய்யவே மறுக்கிறார்கள், அது சரிதான்.

நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வில் குத்துவது நான்காவது வழி. வலியும் வீக்கமும் குறைவு, வெளியில் தெரியாது. எல்லோருக்கும் அங்கே போதிய சவ்வு இருப்பதில்லை. இருந்தாலும் மெல்லிய தசை என்பதால் கம்பியை உடல் மெல்ல வெளியே தள்ளிவிடுவது உண்டு.

அதே சவ்வு நாக்கின் நுனிவரை நீண்டிருந்தால் நடுத்துளைக்கே இடம் கிடைக்காது. நாக்கை வெளியே நீட்டுங்கள். நுனி உதட்டைத் தாண்டாமல் நடுவில் இழுபட்டுப் பிளவு போலத் தெரிந்தால், உங்கள் நாக்கு இதற்கு ஏற்றதல்ல என்று பியர்சர் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்புபவரை நம்பலாம்.

யாரிடம், எந்தக் கருவியால்

காது குத்தும் துப்பாக்கியை நாக்குக்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் மழுங்கிய கம்பி தசையை நசுக்கிக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் பாகங்கள் உள்ளதால் துப்பாக்கியைக் கொதிநீராவியில் முழுமையாகக் கிருமிநீக்கவும் முடியாது. அது போடும் நகை நாக்கின் வீக்கத்துக்குப் போதாத அளவு குட்டை. இணையத்தில் விற்கும் கிட்டை வாங்கி வீட்டில் தானே குத்திக்கொள்வது அதைவிட மோசம். தன் நாக்கின் அடிப்புறத்தைத் தானே பார்த்துக் குறிவைக்க யாராலும் முடியாது.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உள்கூடான ஊசி. மற்றொன்று, மருத்துவமனையில் சலைன் ஏற்றப் பயன்படும் கேனுலா. இதில் ஊசியை உருவிய பின் நிற்கும் மெல்லிய குழாய் வழியாக நகையை நுழைப்பார்கள். தேர்ந்த கையில் இரண்டும் ஒன்றே. கருவியை வைத்து அல்ல, கையை வைத்து முடிவு செய்யுங்கள். மருத்துவர் என்பதாலேயே ஒருவருக்கு இது கைவந்துவிடாது. நாக்கில் அடிக்கடி குத்துபவர், ஆறிய பிறகான படங்களைக் காட்டக்கூடியவர் என்றால் மருத்துவரல்லாத பியர்சரே மேல்.

கடைக்குள் போனதும் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று. ஊசியும் நகையும் இடுக்கியும் தனித்தனிப் பைகளில், ஒட்டியபடி இருக்க வேண்டும். உங்கள் கண்முன்னேதான் பிரிக்கப்பட வேண்டும். பையின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியோ பட்டையோ நிறம் மாறியிருக்கும். அது பை சூடானது என்பதை மட்டுமே சொல்கிறது. கிருமி செத்ததா என்பதை, எளிதில் சாகாத கிருமி வித்துகளை நீராவிக் கருவிக்குள் வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனைதான் உறுதிசெய்யும். அந்தச் சோதனையின் கடைசி முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடையில் தயங்காமல் எடுத்துக் காட்டுவார்கள். ஆட்டோகிளேவில் 134 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம், அல்லது 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் நீராவி அழுத்தத்தில் வைப்பது வழக்கம். ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தோம், தீயில் காட்டினோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

குத்துவதற்கு முன் நாக்கின் அடியில் டார்ச் அடித்துக் குழாய்களைப் பார்ப்பார், மேலும் கீழும் மை வைப்பார், நாக்கை வாய்க்குள் வைத்து ஒருமுறை, நீட்டி ஒருமுறை சரிபார்ப்பார். இந்தக் குறிவைப்புக்கு ஐந்து நிமிடம்கூடச் செலவிடாதவர் அவசரப்படுகிறார் என்று பொருள். மரத்துப்போகும் ஜெல் தசையின் ஆழத்துக்கு இறங்காது, அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும்.

கம்பி: இங்கேதான் பணத்தைச் செலவிடுங்கள்

முதல் நகைக்கு உலோகங்களில் டைட்டானியமே எங்கள் தேர்வு, அதுவும் உடலுக்குள் பொருத்தும் தரத்தில், ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பின் எஃப் 136 குறியீடு உள்ளது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கும் ஒத்துக்கொள்ளும், எடை குறைவு. சர்ஜிக்கல் ஸ்டீல் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் 316 எல் வகை. அதில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. நிக்கல் எவ்வளவு கசிகிறது என்பதுதான் முக்கியம். துளைக்குள் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. எஃப் 138 தரத்து ஸ்டீல் பரவாயில்லை. வெறுமனே சர்ஜிக்கல் ஸ்டீல் என்று மட்டும் சொன்னால் அதில் எதுவும் இருக்கலாம். முலாம் பூசியதையும் வெள்ளியையும் புண்ணில் போடாதீர்கள். ஆக்ரிலிக் ஆட்டோகிளேவைத் தாங்காது, எனவே அதுவும் முதல் நகைக்கு ஆகாது.

மரை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மலிவான கம்பிகளில் தண்டின் நுனியிலேயே மரை வெட்டியிருக்கும். போடும்போதும் கழற்றும்போதும் அந்த மரை புதிய துளையின் உள்சுவரைக் கீறும். மரை குண்டில் இருந்து, தண்டுக்குள் போய்த் திருகும் வகையே நல்லது.

தடிமன் 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர். சிலர் 12 கேஜ் எனப்படும் 2 மில்லிமீட்டர் போடுகிறார்கள், அதுவும் சரி. 1.6 மில்லிமீட்டரைவிட மெல்லிய கம்பி நாக்கின் ஓயாத அசைவில் தசையை அறுத்துக்கொண்டு நகரும்.

நீளம்தான் விஷயத்தின் மையம். முதல் நாள் 18 முதல் 22 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பி போடுவார்கள். வாய்க்குள் ஏதோ பெரிய பொருள் கிடப்பதுபோல இருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நாக்கு வீங்கும்போது அந்தக் கூடுதல் நீளம் காணாமல் போய்விடும். தொடக்கத்திலேயே குட்டைக் கம்பி போட்டால் மேல் குண்டு நாக்குக்குள் புதையும். அதன்மேல் தசை மூடிவிட்டால் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அழகுக்காக முதல் நாளே குட்டையாகப் போடச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

வீக்கம் வடிந்ததும் அதே நீளம் எதிரியாகிவிடுகிறது. 2002இல் ஒரு பல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 52 பேரைப் பரிசோதித்தார்கள். சுமார் 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கம்பியை இரண்டு வருடத்துக்கு மேல் போட்டிருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கீழ் முன்பற்களின் உட்புற ஈறு இறங்கியிருந்தது. நான்கு வருடத்துக்கு மேல் நகை போட்டவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கடைவாய்ப் பல்லும் முன்கடைவாய்ப் பல்லும் சில்லுப் பெயர்ந்திருந்தன. சின்ன ஆய்வுதான். ஆனால் காரணம் வெளிப்படை: நீளக் கம்பி எட்டுகிறது, எட்டுவதால் உரசுகிறது, எட்டுவதால் பல்லுக்கு நடுவில் மாட்டுகிறது.

எனவே 2 முதல் 4 வாரத்துக்குள், வீக்கம் முழுதும் வடிந்ததும், அதே கடைக்குத் திரும்பிப் போய் 14 அல்லது 16 மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மெல்லிய நாக்கு என்றால் 12கூடப் போதும். நாக்கை இயல்பாக வைத்திருக்கும்போது மேல் குண்டுக்கும் நாக்குக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அளவு சரி. கம்பியின் நுனியை முன்பல்லுக்கு நடுவில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நீளம் என்று அர்த்தம். இந்த முதல் மாற்றத்தை வீட்டில் செய்யாதீர்கள். புதுத் துளை நிமிடக் கணக்கில் சுருங்கத் தொடங்கும், குட்டைக் கம்பி கையில் இருக்கும்போதே வழி அடைபட்டுவிடும். குத்தும் அன்றே குட்டைக் கம்பிக்கும் சேர்த்துப் பணம் கட்டி, மாற்றும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நகைக்குக் காசில்லை என்றால் முதல் நகையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

எதைக் கொண்டு கொப்பளிப்பது

மூன்று திரவங்கள் பேச்சில் அடிபடும்: உப்புநீர், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ், குளோர்ஹெக்சிடின்.

உப்புநீரே போதும் என்பது எங்கள் கருத்து. கொதிக்க வைத்து ஆறிய 250 மில்லிலிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி பொடி உப்பு. அள்ளிப் போடும் உப்பு புண்ணை எரித்து உலரவைக்கும். கூடுதல் உப்பால் கூடுதல் பலன் கிடையாது. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் 30 நொடி. ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷைக் காலையும் இரவும் சேர்த்துக்கொள்ளலாம். குளோர்ஹெக்சிடின் வலிமையானது, ஆனால் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை விழும், சுவை மந்தமாகும். மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் திசுவையே தாக்குபவை, இரண்டையும் ஒதுக்குங்கள்.

ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து முறைக்கு மேல் கொப்பளிக்க வேண்டாம். அளவுக்கு மீறினால் நாக்கில் மஞ்சள் நிறம் படியும். தொற்று வந்துவிட்டது என்று பயந்து இன்னும் அதிகமாகக் கொப்பளிப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியது குறைப்பதுதான். பல் துலக்க புதிய, மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீக்கம் 3 முதல் 5 நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும். அதுவரை சின்னச் சின்ன ஐஸ் துண்டுகளை வாயில் கரைய விடுங்கள், கடிக்காதீர்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் சேர்த்து இபுப்ரோஃபென் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளலாம். அது வலியைத்தான் குறைக்கும். ஆஸ்பிரின் ரத்தக் கசிவை நீட்டிக்கும், வேண்டாம்.

சாப்பாடு குளிர்ந்ததாகவும் மென்மையாகவும் இருக்கட்டும். சிறிய கரண்டியால் உணவை நேராகக் கடைவாய்ப் பல்லின்மேல் வைத்து, நாக்கை அசைக்காமல் மெல்லுங்கள். நாக்கால் உணவைத் துழாவும்போதுதான் கம்பி பல்லுக்கு இடையில் வந்து, கடித்த வேகத்தில் பல்லைப் பெயர்க்கும். காரமும் புளிப்பும் சூடும் முதல் வாரத்துக்கு ஆகாது. மதுவும் புகையும் புண் ஆறும்வரை வேண்டாம். முத்தம், வாய்வழி உறவு, பிறர் குடித்த டம்ளர் எல்லாவற்றையும் அதுவரை தள்ளி வையுங்கள். முழுதாக ஆற 6 முதல் 8 வாரம் ஆகலாம்.

குண்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று காலையும் இரவும், சோப்பால் கழுவிய கையால், பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். விழுங்கும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இது வீக்கமா, தொற்றா

வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ சுரந்து கம்பியில் படியும் நீர் நிணநீர், அது இயல்பு. பச்சை கலந்த கெட்டிச் சீழ், நாற்றம், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடும் வீக்கம், காய்ச்சல், குளிர் நடுக்கம் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். அப்போது பயந்துபோய் நகையைக் கழற்றிவிடாதீர்கள். துளை மூடி, சீழ் உள்ளேயே தேங்கிக்கொள்ளும். கம்பியோடு மருத்துவரிடம் போங்கள். எடுக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

தாடைக்குக் கீழே கழுத்து கல்போல இறுகுவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது: இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வாயின் தரைப்பகுதியில் பரவும் தொற்று சில மணி நேரத்தில் மூச்சுப்பாதையை அடைத்துவிடக்கூடியது. சுத்தமான துணியால் 15 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் மருத்துவமனைதான்.

ஆறிய பிறகு

அப்போது பிளாஸ்டிக் குண்டுக்கு மாறலாமா என்று பலர் கேட்பார்கள். பல்லுக்கு அது மென்மைதான். ஆனால் கடித்தால் விரிசல் விட்டு உடையும், அழுக்கும் எளிதில் படியும். குட்டையான டைட்டானியக் கம்பியும் நகையோடு விளையாடாத பழக்கமும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு. கீழ்க்குண்டைத் தினமும் பிரஷ்ஷால் தேயுங்கள். எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியில் திறப்பதால் கீழ் முன்பல்லில் காரை படிவதைப் போலவே அந்தக் குண்டிலும் படியும். காரை படிந்த குண்டு சொரசொரப்பாகி ஈறை இன்னும் அதிகமாகத் தேய்க்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் கீழ் முன்பற்களின் உட்புற ஈறை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் அந்த இடம் உங்களுக்குத் தெரியாது, தொடக்கத்தில் வலிக்கவும் வலிக்காது. முந்தைய அளவைவிட ஈறு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தாலும், பல்லில் முடிக்கீற்று போன்ற விரிசல் தெரிந்தாலும் நகையைக் கழற்றிவிடுங்கள். இறங்கிய ஈறு தானாக ஏறாது, அறுவைசிகிச்சை செய்துதான் ஓரளவு மூட முடியும். நாக்கின் துளையோ பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வடுவோடு தானே மூடிக்கொள்ளும்.